சாம்பிளுக்கு எடுத்த ஆட்டக்காரி

சீனியம்மாள் மகளிர் கலைக் கல்லூரியின் கூடைப்பந்து அணி இதுவரை ஒரு போட்டியிலும் ஜெயித்ததில்லை. அதைக் குறையாகச் சொல்கிறவர்களுக்கு அந்த அணியை எத்தனை கமிட்டிகள் கட்டிக் காக்கின்றன என்பது தெரியாது. சீருடைக்கு ஒரு கமிட்டி. வெற்றி ஊர்வலத்துக்கு ஒரு கமிட்டி. தோற்றதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு கமிட்டி. மூன்றாவதற்குத்தான் வேலை அதிகம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருப்பது முதல் அபிப்பிராயக் கமிட்டி. வருஷா வருஷம் மே மாதத்தில், போட்டி எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து, புதிதாக வந்திருக்கும் ஆட்டக்காரிகளை இந்தக் கமிட்டி நேரில் பார்வையிடும். பார்த்ததும் மனசில் என்ன தோன்றுகிறதோ அது மினிட் புத்தகத்தில் ஏறும். பிற்பாடு வேறு ஏதாவது தோன்றினால் அதை ஏற்றுவதற்கு விதியில் இடமில்லை.

2003ஆம் வருஷம் அப்படிப்பட்ட ஒரு நாளில், தாயில்பட்டியில் பஸ் ஏறி, சாத்தூரில் மாறி, கல்லூரி வாசலில் வந்து இறங்கினாள் மாரிசெல்வி. கூட அவள் அம்மா வேலுத்தாய். வேலுத்தாய் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

விளையாட்டுக் கோட்டாவில் சீட்டுக் கிடைத்தால் படிப்பும் இனாம், ஹாஸ்டல் சோறும் இனாம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மாரிசெல்வியும் அம்மாவோடு கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். போர்மேன் பெத்தணன் ஏற்கெனவே அவளுக்கு இடம் ஒதுக்கி, "சீட்டு இல்லேன்னா சொல்லுங்க, சீசன் நேரம்" என்று வேலுத்தாயிடம் அன்பாகச் சொல்லியிருந்தார்.

"ஏ புள்ள, அவுக முன்னால தலையக் குனிஞ்சு நில்லு. ரொம்ப நெடுநெடுன்னு நிக்காத" என்றாள் வேலுத்தாய்.

"நெடுநெடுன்னு இருக்கறதாலதான் வரச் சொல்லிருக்காகம்மா."

"இருந்தாலும் அடக்கமா நெட்டையா இரு."

உள்ளே போனதும் மாரிசெல்விக்கு முதலில் வந்தது தும்மல்தான். கூடைப்பந்து மைதானம் சிமெண்டுத் தரை, நல்ல வெயில். அதில் பாதியில் மிளகாய் வற்றல் பரப்பிக் கிடந்தது. கல்லூரியின் பொருளாளர் லட்சுமிகாந்தம் விருதுநகரில் பெரிய வற்றல் வியாபாரி. ஆட்டமில்லாத மாதங்களில் மைதானம் சும்மா வெயில் தின்பானேன் என்று அவர் மனம் பொறுக்கவில்லை. கூடைக் கம்பத்தில் தார்ப்பாய்க் கயிறு கட்டியிருந்தது. கருப்பம்மாள் என்ற வேலைக்காரப் பெண் மரக்கட்டையால் வற்றலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மிச்சப் பாதியில் நான்கு பெண்கள் வரிசையாக நின்று தும்மிக்கொண்டிருந்தார்கள். அதுதான் இந்த வருஷத்துப் புது அணி.

உடற்கல்வி ஆசிரியை பத்திரகாளிக்கும் அவர் பெயருக்கும் ஒரு ஒட்டுறவும் கிடையாது. விசில் ஊதிவிட்டு, யாராவது கோபித்துக்கொண்டார்களா என்று சுற்றிப் பார்க்கிற சுபாவம்.

"வாம்மா, வா. வரிசையில சேந்துக்க. கமிட்டி வர்றதுக்குள்ள கொஞ்சம் பயிற்சி எடுத்துருவோம்."

"பந்து எங்க மிஸ்?"

"பந்து பீரோவுல இருக்கு. சாவி செயலர்கிட்ட இருக்கு. சீசன் ஆரம்பிக்காம பந்தை வெளிய எடுக்கக் கூடாதுன்னு தீர்மானம்."

"அப்ப எதை வச்சு மிஸ் போட?"

"கையில பந்து இருக்கறதா நெனச்சுக்க. மூணு வருசமா அப்படித்தான் போட்டுக்கிட்டிருக்கோம். பந்துக்கும் தேய்மானம் இல்ல, நமக்கும் அலுப்பு இல்ல."

மாரிசெல்வி அரசுப் பள்ளி மண் தரையில், ஒட்டுப்போட்ட பந்தில் விளையாடிப் பழகியவள். இல்லாத பந்தை இரண்டு தட்டு தட்டினாள். கால் எடுத்து வைத்து, உடம்பை நிமிர்த்தி, மணிக்கட்டை மடக்கி விட்டாள்.

பத்திரகாளி மிஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வளையத்தையே பார்த்தார். "போச்சும்மா. ரிங்குல பட்டு வெளிய போயிருச்சு."

"விழுந்துச்சு மிஸ்."

"நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்?"

"நானுந்தான மிஸ் பாத்தேன்."

வரிசைக்குப் பின்னால், வேப்ப மர நிழலில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் வரிசையில்தான் சேர்த்தி. அவள் உட்கார்ந்த வாக்கிலேயே, கொசு விரட்டுகிற மாதிரி ஒரு கையை வீசினாள்.

"கூடை!" என்று விசில் ஊதினார் மிஸ்.

"அது எப்படி மிஸ் விழுந்துச்சு?"

மிஸ் குரலைத் தாழ்த்தினார். "அது ரோஷினி. துணைத் தலைவர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி மக. சிவகாசியில பெரிய பிரஸ் வச்சிருக்காக. அவ எங்க இருந்து போட்டாலும் விழும்மா. என் வாயில அப்படியே வந்துருது."

ரோஷினி மாரிசெல்வியைப் பார்த்துச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எனக்குப் பந்துன்னாலே பயம். செயலர் மாமா வீட்டுல அவுக மகனுக்கு என்னயக் கேட்டுக்கிட்டு இருக்காக. பொண்ணு விளையாட்டு வீராங்கனைன்னு கல்யாணப் பத்திரிகையில போடலாம்னு அப்பா கொண்டாந்து சேத்துட்டாக. யாராவது என்னயக் கழிச்சு விட்டா வீட்டுல போயி டிவி பாப்பேன்."

அந்த நேரத்தில் மூன்று கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. முதல் அபிப்பிராயக் கமிட்டி இறங்கியது.

முதலில் பொருளாளர் லட்சுமிகாந்தம். வந்ததும் வற்றலைப் பார்த்தார், வற்றலில் குனிந்து ஒன்றை ஒடித்துப் பார்த்தார், அதே கையோடு வந்து ஆட்டக்காரிகளைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு மாரிசெல்வியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எந்த ஊர்ச் சரக்கு?"

"தாயில்பட்டிங்க."

"மண்ணு கரிசலா, செவலா?"

"கரிசல்தாங்க."

"மழைத்தண்ணியா, கெணத்துத் தண்ணியா?"

"பஞ்சாயத்துக் குழாய்ங்க."

லட்சுமிகாந்தம் பத்திரகாளி மிஸ்ஸிடம் திரும்பினார். "எழுதிக்கங்க. நெறம் இருக்கு. நீளம் இருக்கு. காரம் போகப் போகத்தான் தெரியும்." அப்புறம் பொதுவாக எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தன் தொழில் ரகசியத்தை வெளியிட்டார். "நான் மேலாக இருக்கற சரக்கை நம்பவே மாட்டேன். நல்லதை மேல அடுக்கித்தான் மூட்டை கட்டுவான். என் கை எப்பவும் அடியிலதான் போகும். அதான் இன்னைக்கும் நான் லட்சுமிகாந்தம்."

அடுத்தது துணைத் தலைவர் செந்தூர்பாண்டி. ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது சிவகாசி வழக்கம். இந்த வருஷம் அந்த மாதிரிகளில் கல்லூரி அணியின் படமும் வர வேண்டும், அடியில் 'வெற்றி அணி' என்று இருக்க வேண்டும். அச்சுக்கு எழுத்து ஏற்கெனவே கோத்தாகிவிட்டது. அணி தோற்றால் என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, "தேதிக்கு மேலதான் படம், தேதியக் கிழிக்கறவன் படத்தைப் பாக்கப் போறானா?" என்று அவர் சொன்னது கல்லூரி வட்டாரத்தில் பிரசித்தம்.

அவர் இரண்டு கைவிரல்களையும் சட்டம் போலப் பிடித்து அதன் வழியாக மாரிசெல்வியைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு தாளுக்கு மேல போகுதே. தலையப் படத்துல சேத்தா காலு ஜனவரியில இடிக்குது. ஏம்மா, கொஞ்சம் குட்டையா ஆக முடியாதா?"

"கூடைப்பந்துக்கு உசரந்தான சார் வேணும்" என்றார் பத்திரகாளி மிஸ் மெதுவாக. சொல்லிவிட்டு உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

"பந்துக்கு வேணும். காலண்டருக்கு வேணாமே" என்றார் செந்தூர்பாண்டி. 'உயரம் அதிகம், தாளில் அடங்காது' என்பது மினிட்டில் ஏறியது.

கடைசியாகச் செயலர் பலவேசம். பட்டாசுக் கம்பெனி முதலாளி. அவர் காரை விட்டு இறங்கும்போதே கைப்பேசி அடித்தது. எடுத்து, "கல்லூரி விசயமா இருக்கேன், அப்புறம் பேசு, லோடு ஏத்திட்டியா?" என்று ஒரே மூச்சில் கேட்டு வைத்தார். வெள்ளைச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"அன்பான மாணவச் செல்வங்களே. விளையாட்டுன்னா என்ன? தரம். தரம்னா என்ன? சோதனை. என் கம்பெனியில ஒரு லாட்டு, அதாவது ஒரு தொகுதி வெடி, தயாராச்சுன்னா எல்லாத்தையும் வெடிச்சுப் பாக்க முடியுமா? பாத்தா விக்கிறது எதை? அதனால ஒண்ணே ஒண்ணை எடுப்போம். சாம்பிள். பத்த வைப்போம். வெடிச்சா லாட்டு பாஸ். சாம்பிளைச் செலவுன்னு கழிச்சு எழுதிருவோம். அதே முறையை இந்தக் கல்லூரிக்குக் கொண்டாந்தவன் நான். உங்க ஆறு பேருல ஒருத்தர் சாம்பிள். அவளை மட்டும் பந்தைப் போடச் சொல்லுவோம். போட்டுட்டா மத்தவங்களுக்கு இன்னைக்கே சீட்டு. ஒருத்தரையும் கஷ்டப்படுத்தறதில்ல."

வேலுத்தாய் ஓரத்திலிருந்து கையை உயர்த்தினாள். "மொதலாளி, அந்தச் சாம்பிள் பிள்ளைக்கு?"

"அதான் சொன்னேனேம்மா. செலவு."

"செலவுன்னா?"

"வெடிச்ச வெடியை மறுபடி பெட்டியில வைக்க முடியுமா? உன் கைக் கறையப் பாத்தா நீயும் வெடிக் கம்பெனியில இருக்கறவதான, உனக்குத் தெரியாதா?" பலவேசம் வருத்தமாகச் சிரித்தார். "மரியாதையோட அனுப்பி வச்சிருவோம். சால்வை உண்டு."

பத்திரகாளி மிஸ் மாரிசெல்வியின் காதருகே சொன்னார்: "போன வருசம் சாத்தூர்ப் பிள்ளை ஒருத்தி, பானுப்பிரியான்னு. ஒண்ணு விடாம அம்புட்டையும் போட்டா. பிரமாதமா வெடிச்சான்னு மினிட்ல இருக்கு."

"இப்ப எங்க மிஸ் இருக்கா?"

"தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குறா."

பலவேசம் உரையை முடிக்கவில்லை. முடிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "சிலது வெடிக்காது. புஸ்ஸுன்னு போயிரும். நமுத்த சரக்கு. அதுக்காக அதைத் தூக்கிப் போட்டுருவோமா? என் கம்பெனியில ஒரு துரும்பு வீணாகாது. நமுத்ததை வெயில்ல காயவச்சு மறுபடி லாட்டுலயே சேத்துருவோம். கமிட்டியில அடுத்தவர் வேற ஒரு சாம்பிள் எடுப்பார். மொதல்ல நான், அப்புறம் பொருளாளர், அப்புறம் துணைத் தலைவர். இதுதான் முறை. நன்றி, வணக்கம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்து தாய்மார்கள் தட்டியது பயத்தில்.

பலவேசம் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். பெட்டியைத் திறந்ததும் எது எடுப்பாகத் தெரிகிறதோ அதை எடுப்பது அவர் கை வழக்கம். "அந்த நெட்டை" என்றார்.

மாரிசெல்வி சாம்பிள் ஆனாள்.

சோதனை சாப்பாட்டுக்குப் பிறகு. கமிட்டிக்கு உள்ளே இலை போட்டிருந்தது. வேலுத்தாய் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மகளை உட்கார வைத்துத் தூக்குவாளியைத் திறந்தாள். புளிச்சோறு. இரண்டு பேரும் தொடவில்லை.

"நல்லா ஆடுனா வீட்டுக்கு அனுப்புவாகளாம். உலகத்துல எங்கயும் உண்டா இது?" என்றாள் வேலுத்தாய். "வா, போயிருவோம். பெத்தணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"இருங்கம்மா. நமுத்தா கழிக்க மாட்டாகள்ல?"

வேலுத்தாய் மகளைப் பார்த்தாள். "நமுக்கப் போறியா?"

"கையில பந்தை வச்சுக்கிட்டுச் சும்மா நிக்கறது எம்புட்டுக் கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா நிப்பேன்."

"அப்ப வேற பிள்ளையை எடுப்பாகளே. அதுவும் நம்மளப் போல வீட்டுப் பிள்ளதான? அதோட அம்மா அந்தா உக்காந்திருக்கா பாரு, காலையில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல."

மாரிசெல்வியும் பார்த்தாள். மற்ற நான்கு பேரும், அவர்களுடைய தாய்மார்களும், சுவரோரம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி வேப்ப மரத்தடியில், நாற்காலியில் கால் நீட்டி, ஐஸ் குச்சி சப்பிக்கொண்டிருந்தாள் ரோஷினி.

"அடுத்தாப்ல எடுக்கப் போறது வத்தல் மொதலாளிம்மா. அவரு கை எங்க போகும்னு அவரே சொல்லிட்டாரு."

வேலுத்தாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் புளிச்சோற்றில் கை வைத்தாள்.

சோதனைக்குப் பந்து வந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். பீரோ திறந்து, சூடம் காட்டி, தாம்பாளத்தில் வைத்துத் தூக்கி வந்தார்கள். சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ. பூஜை எல்லாம் முறையாக நடந்திருந்தது. காற்றுதான் இல்லை. போன ஆயுத பூஜைக்கு வைத்தது வைத்தபடி, ஆப்பம் போல உட்கார்ந்திருந்தது. வாட்ச்மேன் உக்கிரபாண்டி சைக்கிள் பம்பைக் கொண்டு வந்து அடித்தார். கமிட்டி அதையும் எழுந்து நின்று பார்த்தது.

மாரிசெல்வி கையில் பந்து வந்தது. தோல் வாசம் அடித்தது. இவ்வளவு புதுப் பந்தை அவள் தொட்டதேயில்லை. விரல்கள் தானாக விரிந்தன.

பலவேசம் பழக்கதோஷத்தில் எல்லாரையும் பின்னால் போகச் சொன்னார். கமிட்டி வராந்தாத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. லட்சுமிகாந்தம் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். பத்திரகாளி மிஸ் விசில் ஊதினார்.

மாரிசெல்வி நின்றாள்.

"பத்திக்கிச்சா?" என்று தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டார் பலவேசம்.

"இன்னும் இல்ல சார்."

"கிட்டப் போகாதீக. சிலது லேட்டாத்தான் பிடிக்கும்."

மாரிசெல்வி வளையத்தைப் பார்த்தாள். போடு போடு என்று முழங்கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தளர்த்தினாள். பந்து கீழே விழுந்து, இரண்டு தத்துத் தத்தி, வற்றலுக்குள் போய் நின்றது.

ஒரு தும்மல்.

"நமுத்துப் போச்சு" என்றார் பலவேசம். அனுபவஸ்தர் குரல். "பாத்ததுமே எனக்குச் சந்தேகம். ஈரச் சரக்கு. வெயில்ல போடுங்க."

வற்றல் தார்ப்பாயின் ஓரத்தில் மாரிசெல்வியை நிற்க வைத்தார்கள். அரை மணிக்கு ஒரு தரம் திரும்பி நிற்கும்படி கமிட்டி உத்தரவிட்டது. கருப்பம்மாள் மரக்கட்டையோடு பக்கத்தில் வந்து, "உன்னையும் சேத்துப் பெரட்டி விடவா தாயி?" என்று கேட்டாள்.

அடுத்தது பொருளாளர் முறை. லட்சுமிகாந்தம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முன் வரிசைப் பெண்கள் மூச்சைப் பிடித்து நின்றார்கள். அவர் அவர்களிடம் நிற்கவேயில்லை. தள்ளிவிட்டு நேராகப் பின்பக்கம் நடந்தார். கடைக்கோடி வரைக்கும் போனார். கை தாழ இறங்கி, நாற்காலியில் இருந்த ஒரு தோளைப் பிடித்தது.

"எடுத்தாச்சு" என்று கண்ணைத் திறந்தார். "யாரு, நம்ம ரோஷினியா? பாத்தீகளா, அடியில எப்பேர்ப்பட்ட சரக்கு இருந்திருக்குன்னு!"

செந்தூர்பாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் கையில் பந்தைக் கொடுத்தபோது, காலண்டருக்காகக் கூட்டி வந்திருந்த போட்டோகிராபரைக் கூப்பிட்டார். ரோஷினி பந்தை வாங்கினாள். ஏதோ சுட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை விட்டுத் தொலைந்தால் போதும் என்று தூக்கி எறிந்தாள். பந்து வளையத்துக்கு எதிர்ப்பக்கம் பறந்து, உக்கிரபாண்டியின் சைக்கிளைச் சாய்த்தது.

"கூடை!" என்று விசில் ஊதினார் பத்திரகாளி மிஸ்.

வாயில் அப்படியே வந்துவிட்டது.

தூணுக்குப் பின்னாலிருந்து கமிட்டி ஆரவாரத்தோடு வெளியே வந்தது. "வெடிச்சிருச்சு!" என்று பலவேசம் கைகொட்டினார். லட்சுமிகாந்தம் வியாபார வேகத்தில் மினிட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார். "எழுதுங்க மிஸ். லாட்டு பாஸ். சாம்பிள் ரோஷினி, செலவு. கழிச்சிருங்க."

மிஸ்ஸின் பேனா நின்றது.

"யாரைக் கழிக்கிறீக அண்ணாச்சி?" என்றார் செந்தூர்பாண்டி.

"சாம்பிளைத்தான். வெடிச்ச சரக்குல்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்த லட்சுமிகாந்தம், எதிரே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, வற்றலை ஆராயப் போய்விட்டார்.

"பலவேசம் அண்ணாச்சி, நல்லாக் கேட்டுக்கங்க. உங்க மகனுக்குக் கேட்டிருக்கற பொண்ணு இது. நாலு பேரு முன்னால, ஒரு வேலைக்காரி கேக்க, எம் மகளைச் செலவான சரக்குன்னு எழுதச் சொல்றீக. இது சபைக்கு அழகா?"

பலவேசத்தின் கைப்பேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை. அவர் எடுக்காமல் விட்ட முதல் அழைப்பு அதுதான் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டையை நீவினார். மாலை நேரத்துக்கென்று இன்னொரு உரை அவரிடம் எப்போதும் கைவசம் உண்டு.

"அன்பான மாணவச் செல்வங்களே. மனுசப் பிள்ளைக வேற, வெடி வேற. இதைத்தான் நான் ஆதியில இருந்து சொல்லிக்கிட்டு வாரேன். வெடிக்கு வாழ்க்கை ஒரே ஒரு தடவை. பிள்ளைகளுக்கு அப்படி இல்ல. ஒரு தடவை கூடை போட்ட பொண்ணு இன்னொரு தடவையும் போடறதுக்கு வாய்ப்பு இருக்குன்னு நம்ம கமிட்டி இன்னைக்குக் கண்டுபிடிச்சிருக்கு. எந்தக் கல்லூரியும் இதைக் கண்டுபிடிக்கல. ஆகவே இனிமே சாம்பிளைக் கழிக்கறதில்ல. எழுதுங்க மிஸ், ரோஷினிக்கு மட்டும் விசேஷமா..."

"மட்டும் வேணாம்" என்றார் செந்தூர்பாண்டி. "எம் மகளுக்கு மட்டும் விலக்குன்னு போட்டா ஊருல வேற மாதிரிப் பேசுவாக. எல்லாருக்கும் பொதுன்னு எழுதுங்க."

"எல்லாருக்கும் பொது" என்றார் பலவேசம். நிறைவேறியது.

வற்றல் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மொதலாளி, நான் காஞ்சுட்டேன்."

எல்லோரும் திரும்பினார்கள். மாரிசெல்வி வேர்த்து ஒழுக நின்றாள். முகம் வற்றலுக்குப் போட்டியாகச் சிவந்திருந்தது. "நமுத்தது காஞ்சா மறுபடி லாட்டுல சேக்கணும்னு சொன்னீக. காஞ்சிருச்சான்னு பத்த வச்சுப் பாத்துருங்க."

மறுக்க ஒரு விதியும் இல்லை. பத்திரகாளி மிஸ் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்தார். அவர் ஓடி அந்தக் கல்லூரியில் யாரும் பார்த்ததில்லை.

மாரிசெல்வி பந்தைத் தட்டினாள். அந்தச் சிமெண்டுத் தரையில் பந்து தட்டுகிற சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்ததால், கருப்பம்மாள் திடுக்கிட்டுக் கட்டையை நிறுத்தினாள். ஒரு எட்டு, இரண்டு எட்டு. உடம்பு எழும்பியது. பந்து தார்ப்பாய்க் கயிற்றுக்கு மேலாகப் போய், வளையத்தின் இரும்பைத் தொடாமல் இறங்கியது. விழுந்த பந்தைத் தரையைத் தொட விடாமல் எடுத்து, திரும்பி, இடது கையால் போட்டாள். அப்புறம் தூரத்திலிருந்து. அப்புறம் வற்றலைத் தாண்டிக் குதித்து. காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரம் போலப் போய்க்கொண்டே இருந்தது. சுவரோரத்துப் பெண்கள் எழுந்து கூச்சல் போட்டார்கள். ரோஷினி நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தாள். மிஸ்ஸுக்குக் 'கூடை' என்று சொல்ல அவகாசமே கிடைக்கவில்லை. அவர் சும்மா அழுதுகொண்டு நின்றார்.

கமிட்டி யாரும் சொல்லாமலே தூணுக்குப் பின்னால் போய்விட்டது.

"போதும்! போதும்!" என்று அங்கிருந்து கத்தினார் பலவேசம். "யாராச்சும் அதை அணைங்கப்பா! அம்புட்டையும் இன்னைக்கே போட்டுட்டா சீசனுக்கு என்ன இருக்கும்?"

பந்து பிடுங்கப்பட்டது. துடைத்து, புதுக் குங்குமம் வைத்து, பீரோவுக்குள் பூட்டப்பட்டது. ஆறு பேருக்கும் சீட்டு உறுதி என்று கையெழுத்தானது. மாரிசெல்வியைப் பற்றிய முதல் அபிப்பிராயம் கமிட்டியின் ஒருமனதான முடிவாக மினிட்டில் ஏறியது: 'சரக்கு ஈரமாக வந்தது. கல்லூரியின் வெயிலில் வைத்ததும் குணமாயிற்று.' தொடர்ந்து ஒரு தீர்மானம். இனிமேல் புது ஆட்டக்காரிகள் அனைவரும் சீசன் தொடங்கும் வரை தினமும் மைதானத்தில் காய வைக்கப்படுவார்கள். பந்து தேவையில்லை. இந்த முறையைக் கண்டுபிடித்ததற்காகப் பலவேசத்துக்குச் சால்வை போர்த்தப்பட்டது. சாம்பிளுக்கென்று வாங்கி வைத்த சால்வை. வீணாக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

சாயங்காலம் சாத்தூர் பஸ்ஸுக்காக வேலுத்தாய் கல்லூரி வாசலில் நின்றாள். கையில் காலித் தூக்குவாளி. ஹாஸ்டலில் இன்றைக்கே தங்கச் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலையிலிருந்து காய வைக்க ஆள் வேண்டுமாம்.

"தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டு நில்லு. வெயிலு மண்டையப் பொளக்கும்" என்றாள்.

"சரிம்மா."

"அந்த மிஸ்ஸு நல்ல பொம்பள. பாவம், அதுவும் ஈரமாத்தான் இருக்கு."

பஸ் வருவது தெரிந்தது. வேலுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஏறுவதற்குக் காலைத் தூக்கியவள், திடீரென்று நினைவு வந்து திரும்பினாள்.

"ஏ புள்ள, திங்கக்கிழம வேன் வந்ததும் பெத்தணன் கேப்பாரே, மக எங்கன்னு. என்ன சொல்ல?"

மாரிசெல்வி ஒரு தும்மல் தும்மிவிட்டுச் சொன்னாள்:

"சாம்பிளுக்கு எடுத்துட்டுப் போயிட்டாக, இனிமே கம்பெனிக்குத் திரும்பி வராதுன்னு சொல்லிருங்கம்மா."